புதிய நீர்த்தேக்கத்தில் ஆவியாதலும் கசிவும்: எந்த மதிப்பீட்டு முறையை நம்பலாம்?

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இரண்டு பழைய ஏரிகளை இணைத்துக் கட்டப்பட்ட கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி, அதாவது அரை டி.எம்.சி. செம்பரம்பாக்கம் (3,645), புழல் (3,300), பூண்டி (3,231), சோழவரம் (1,081) ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆயினும் 2019 கோடையில் அந்த நான்கும் ஏறத்தாழ வற்றிப்போனதைப் பார்த்த சென்னைக்கு ஒவ்வொரு மில்லியன் கன அடியும் கணக்கில் வரவேண்டிய நீர். கொள்ளளவு என்பது தேக்கக்கூடிய நீரின் அளவு மட்டுமே. அதில் எவ்வளவு குழாய்க்கு வந்து சேரும் என்பதை வானத்துக்கும் மண்ணுக்கும் போகும் இரண்டு இழப்புகள் தீர்மானிக்கின்றன. அவற்றை மதிப்பிடப் பல வழிகள் உள்ளன. இத்தகைய சிறிய, ஆழமில்லாத, புதிய நீர்த்தேக்கத்துக்கு அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இழப்பின் பரிமாணத்தைப் பார்த்துவிடலாம். 500 மில்லியன் கன அடி என்பது 1.416 கோடி கன மீட்டர். முழு மட்டத்தில் நீர்ப்பரப்பு 6 சதுர கிலோமீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், சராசரி ஆழம் இரண்டரை மீட்டருக்கும் குறைவு. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு 1.6 மீட்டர் ஆவியாகிறது என்றும், மட்டம் இறங்க இறங்கப் பரப்பு சுருங்குவதால் ஆண்டுச் சராசரிப் பரப்பு 4 சதுர கிலோமீட்டர் என்றும் கொண்டால், ஓராண்டில் 64 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 226 மில்லியன் கன அடி காற்றில் கலந்துவிடும். இது கொள்ளளவில் 45 விழுக்காடு. கசிவு இதில் இன்னும் சேரவில்லை. ஆழமான மலை அணையில் பத்து விழுக்காடு பிழை பெரிதாகத் தெரியாமல் போகலாம். இங்கே அதே பிழை நகரத்துக்கு எத்தனை நாள் நீர் தரலாம் என்ற திட்டத்தையே மாற்றிவிடும்.

மிக எளிய வழி, இழப்பை ஒரே எண்ணாகவோ விழுக்காடாகவோ ஒதுக்கிவிடுவது. இதற்கு நம் அருகிலேயே முன்மாதிரிகள் உண்டு. கிருஷ்ணா நீர்ப் பங்கீட்டில் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தலா 5 டி.எம்.சி. தருவதாக ஏற்று, வரும் வழியில் 3 டி.எம்.சி. இழப்பாகக் கழித்து, தமிழக எல்லையில் 12 டி.எம்.சி. கிடைக்கும் என்று 1983 ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. கிருஷ்ணா ஆற்றின் ஸ்ரீசைலம் அணைக்கு, அந்நதி நீரை மாநிலங்களுக்குப் பங்கிட்ட பச்சாவத் நடுவர் மன்றம் ஆவியாதல் இழப்பாக 33 டி.எம்.சி. கணக்கிட்டது. மாநிலங்களுக்கிடையே பங்கு பிரிக்கும்போது இப்படி ஒரு நிலையான எண் தேவைப்படுகிறது. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அன்றாட நீர்த்தேக்க நிர்வாகத்துக்கு அது பொருந்தாது. ஸ்ரீசைலத்தின் 33 டி.எம்.சி.யை அதன் 600 சதுர கிலோமீட்டரைத் தாண்டும் முழுப் பரப்பால் வகுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வருகிறது. முழு மட்டத்துக்கு அது நியாயமான அளவே. ஆனால் அணை ஆண்டு முழுவதும் முழு மட்டத்தில் நிற்பதில்லை. பரப்பு பாதியாகச் சுருங்கிய ஆண்டிலும் கணக்கேட்டில் அதே எண் நிற்கும். கால்வாயிலும் இதே நிலைதான். கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் கண்டலேறு – பூண்டி கால்வாய்க்கு 2000-களின் தொடக்கத்தில் சத்ய சாயி அறக்கட்டளையின் செலவில் காரை பூசிக் கரைகள் சீரமைக்கப்பட்ட பிறகு வழியிழப்பு வெகுவாகக் குறைந்தது. ஒப்பந்தத்தில் உள்ள 3 மட்டும் 3 ஆகவே இருந்தது. ஆகவே விழுக்காட்டு முறையைத் திட்ட வரைவின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆவியாதலை அளக்கும் வழிகளில் பழையதும் மலிவானதும் ஆவியளவித் தொட்டி. இந்தியத் தர நிர்ணயப்படி அது 1,220 மில்லிமீட்டர் விட்டமும் 255 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட செப்புத் தகட்டுத் தொட்டி. உள்ளே வெள்ளீயம் பூசி, வெளியே வெள்ளை வண்ணம் அடித்து, மரச்சட்டத்தின் மீது வைத்து, மேலே கம்பி வலை போட்டிருப்பார்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, குறைந்த நீரை அளவுக் குவளையால் ஊற்றிப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஊற்றிய அளவைக் குறித்துக்கொள்வார்கள். பறவையும் குரங்கும் நீர் குடிக்காமல் இருக்கத்தான் வலை. ஆனால் அந்த வலையே ஆவியாதலை ஏறத்தாழ 14 விழுக்காடு குறைத்துவிடுகிறது என்பதை மறக்கக்கூடாது. அமெரிக்க ‘ஏ’ வகைத் தொட்டிக்கு வலை கிடையாது. அதன் அளவீட்டை 0.7 என்ற குணகத்தால் பெருக்கி ஏரியின் ஆவியாதலைப் பெறுவது வழக்கம். நம் வலையிட்ட தொட்டிக்குரிய குணகம் 0.8. பாடநூலில் பார்த்த 0.7-ஐ நம் தொட்டியின் அளவீட்டோடு சேர்த்துவிடுவது எளிதில் நேரும் தவறு. தொட்டி ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் காட்டினால், இந்த ஒரு குழப்பத்தால் 1,600-க்குப் பதில் 1,400 என்று எழுதிவிடுவோம். மேலே சொன்ன சராசரிப் பரப்பில் அது 28 மில்லியன் கன அடி வித்தியாசம்.

தொட்டியைப் பற்றிய பெரிய ஆட்சேபம், சிறிய உலோகத் தொட்டி சுற்றுப்புற வெப்பத்தை உடனே வாங்கிக்கொள்ளும், ஆழமான ஏரியோ வெப்பத்தை மாதக்கணக்கில் சேமித்து வைக்கும் என்பது. ஆட்சேபம் சரியானதே. ஆழ அணைகளில் கோடையில் குணகம் குறைந்தும் குளிர்காலத்தில் கூடியும் வருவதற்கு அதுவே காரணம். அங்கே ஆண்டுக் கணக்குக்குத்தான் தொட்டியை நம்பலாம், மாதக் கணக்குக்கு நம்ப முடியாது. ஆனால் இரண்டு மூன்று மீட்டர் ஆழமே உள்ள நீர்த்தேக்கம் சில நாட்களிலேயே காற்றின் வெப்பத்தோடு ஒத்துவிடுகிறது. ஆதலால் தொட்டி முறையின் மிகப் பெரிய குறை, ஆழமில்லாத நம் ஏரிகளில் பெருமளவு மறைந்துவிடுகிறது. இதனால்தான் விலையுயர்ந்த முறைகளுக்குப் போகும் முன் தொட்டிக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அடுத்தது பென்மன் 1948-இல் வகுத்த சமன்பாடு. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், சூரிய ஒளி நேரம் ஆகிய நான்கையும் கொண்டு திறந்த நீர்ப்பரப்பின் ஆவியாதலைக் கணிக்கிறது. நீர்த்தேக்கம் நிரம்புவதற்கு முன்பே, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளின் வானிலைப் பதிவுகளைக் கொண்டு, வறண்ட ஆண்டில் எவ்வளவு, ஈரமான ஆண்டில் எவ்வளவு என்று பார்க்க முடிவது இதன் பெரும் பலம். புதிதாக வைத்த தொட்டியால் இதைச் செய்ய இயலாது. பலவீனம் தரவு வரும் இடத்தில் இருக்கிறது. மீனம்பாக்கம் நிலையத்தின் பதிவுகளே நீண்டவை. தேர்வாய் கண்டிகையோ அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடமேற்கில், கடற்காற்று தணிந்து வரும் உட்பகுதியில் இருக்கிறது. வானிலை நிலையத்தில் காற்றின் வேகத்தைப் பொதுவாக 10 மீட்டர் உயரத்தில் அளக்கிறார்கள். சமன்பாடு கேட்பது 2 மீட்டர் உயர வேகத்தை, அதாவது ஏறத்தாழ முக்கால் பங்கை. இதைத் திருத்தாமல் போட்டால் விடை கூடுதலாக வரும். இன்னொரு தவறும் அடிக்கடி நிகழ்கிறது. உலக உணவு வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட பென்மன்–மாண்டித் சமன்பாடு பாசனப் பயிர்களுக்கானது. அதில் தரை என்பது பச்சைப் புல், அது ஒளியில் 23 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புவது 5 முதல் 8 விழுக்காடு மட்டுமே. கணினியில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் புல்லின் கணக்கை நீருக்கு எழுதிவைத்தால் இழப்பு குறைவாகவே தெரியும்.

துல்லியத்தில் முதலிடம் ஆற்றல் சமநிலை முறைக்கு. ஏரிக்குள் வந்த கதிர்வீச்சு, நீரில் தங்கிய வெப்பம், காற்றுக்குப் போன வெப்பம் எல்லாவற்றையும் அளந்து, மீதியை ஆவியாதல் என்று கொள்வது. அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் ஹெஃப்னர் ஏரியில் 1950–51-இல் நடந்த விரிவான ஆய்வு, இந்த முறையையும் தொட்டியையும் நீர்ச் சமநிலையையும் அருகருகே வைத்துச் சோதித்தது. ‘ஏ’ வகைத் தொட்டியின் ஆண்டுக் குணகம் அங்கே 0.69 என்று வந்தது. அதாவது பெருஞ்செலவில் செய்த அளவீடு, மலிவான தொட்டியின் ஆண்டுக் கணக்கை மறுக்காமல் உறுதிசெய்தது. மிதவையில் கதிர்வீச்சுக் கருவி, பல ஆழங்களில் வெப்பமானிகள், அவற்றைத் தவறாமல் பராமரிக்க ஆட்கள் என்று இம்முறை கேட்கும் அனைத்தையும் அரை டி.எம்.சி. நீர்த்தேக்கத்துக்கு ஒதுக்குவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. அந்தப் பணம் கசிவை அளக்கப் போனால் பயன் பல மடங்கு கூடும்.

ஏனென்றால் ஆவியாதலில் எந்த முறையை எடுத்தாலும் விடைகள் பத்துப் பதினைந்து விழுக்காட்டுக்குள் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. கசிவில் அப்படி நடப்பதில்லை. கட்டுவதற்கு முன் துளையிட்டு மண்ணின் நீர் ஊடுருவு திறனைச் சோதித்து, டார்சி விதிப்படி (மேலே நிற்கும் நீர் உயர்ந்தால் கசிவு கூடும், மண் படலம் தடித்தால் குறையும் என்பது அந்த விதி) கணக்கிடுவதே வழக்கமான முறை. ஏரிப் படுகையில் ஒரு மீட்டர் கனத்தில் களிமண் படலம் இருக்கிறது, அதன் மேல் இரண்டு மீட்டர் நீர் நிற்கிறது என்று கொள்வோம். ஊடுருவு திறன் நொடிக்கு ஒரு மீட்டரின் பத்து கோடியில் ஒரு பங்கு என்றால் நாளுக்கு 2.6 மில்லிமீட்டர் கசியும். அது பத்து மடங்கு குறைந்தால் கசிவைப் பொருட்படுத்த வேண்டாம். பத்து மடங்கு கூடினால் நாளுக்கு 26 மில்லிமீட்டர், அதாவது நீர்த்தேக்கம் மூன்று நான்கு மாதங்களில் வற்றிவிடும். ஒரே படுகையில் சில நூறு மீட்டர் தள்ளி எடுக்கும் இரண்டு துளைகளுக்கிடையே பத்து மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். எத்தனை துளை போட்டாலும் படுகையின் மிகச் சிறிய பகுதியைத்தான் பார்த்திருப்போம்.

இரண்டு ஏரிகளை இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. பழைய ஏரிப் படுகைகளில் தலைமுறை தலைமுறையாகப் படிந்த வண்டல் நல்ல காப்புப் படலமாக இருக்கும். இடையே சேர்க்கப்பட்ட வயலிலும் மேட்டு நிலத்திலும் அது இருக்காது. கரை கட்ட மண் எடுப்பதற்காகப் படுகைக்குள்ளேயே வெட்டியிருந்தால், வெட்டிய இடங்களில் காப்புப் படலம் போய் அடியிலுள்ள மணல் வெளிப்பட்டிருக்கலாம். இது எந்த நீர்த்தேக்கத்துக்கும் பொருந்தும் எச்சரிக்கை: மண் எடுத்த குழிகளின் வரைபடம் கசிவு மதிப்பீட்டின் முதல் ஆவணமாக இருக்க வேண்டும்.

கட்டி முடித்த பிறகு பலரும் நம்பியிருப்பது கரையின் அடிவாரத்தில் வடிகால் முனையில் வைக்கும் வி-நாட்ச் தடுப்பு, அதாவது ‘V’ வடிவ வெட்டில் நீர் வழியும் உயரத்தைக் கொண்டு ஓட்டத்தை அளக்கும் தகடு. செங்கோண வி-நாட்சில் நீர் 10 சென்டிமீட்டர் உயரத்தில் வழிந்தால் நொடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர், ஆண்டு முழுவதும் அப்படியே ஓடினாலும் 5 மில்லியன் கன அடியைத் தொடாது. இந்த அளவீட்டைக் கைவிடவே கூடாது. ஆனால் அதன் உண்மையான பயன் கரையின் பாதுகாப்பு: திடீரென்று ஓட்டம் கூடினாலோ நீர் கலங்கி வந்தாலோ கரைக்குள் மண் அரிக்கப்படுகிறது என்று அது சொல்லிவிடும். மொத்தக் கசிவை அது சொல்லாது. படுகை வழியாக நேரே நிலத்தடிக்குப் போகும் நீர் எந்த வடிகாலிலும் தலைகாட்டுவதில்லை. வி-நாட்சில் நீர் குறைவாக வருவதைக் காட்டிக் கசிவே இல்லை என்று எழுதும் அறிக்கைகளை இதனால்தான் ஏற்க முடியாது.

எஞ்சுவது நீர்ச் சமநிலை. வந்த நீர், மழை, திறந்துவிட்ட நீர், ஆவியான நீர் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து, மட்ட மாற்றத்தோடு ஒப்பிட்டால் மீதி கசிவு. ஆண்டு முழுமைக்கும் இதைச் செய்தால் விடையில் எல்லாப் பிழைகளும் வந்து குவியும். கால்வாய் வரத்தில் ஐந்து விழுக்காடு அளவுப் பிழையே கசிவின் மொத்த அளவை விழுங்கிவிடும். மாறாக, மழையும் இல்லாமல், வரத்தும் இல்லாமல், மதகும் மூடியிருக்கும் பத்துப் பத்து நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், மட்டம் இறங்குவதற்குக் காரணம் இரண்டே: ஆவியாதலும் கசிவும். இந்தக் காலங்களில் தொட்டியின் அளவைக் கிடையச்சிலும் ஏரி மட்டத்தின் இறக்கத்தைச் செங்குத்தச்சிலும் குறித்து நேர்கோடு வரைந்தால், கோட்டின் சாய்வு தொட்டியின் குணகத்தையும், அது செங்குத்தச்சை வெட்டும் இடம் கசிவையும் தருகின்றன. கணக்கு விளங்க ஓர் எடுத்துக்காட்டு: தை மாதத்தில் பத்து நாட்களில் தொட்டியில் 40 மில்லிமீட்டர், ஏரியில் 47 மில்லிமீட்டர் இறங்குகிறது, சித்திரையில் முறையே 85, 83. சாய்வு 0.8, வெட்டு 15. அதாவது கசிவு நாளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர். 5 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 97 மில்லியன் கன அடி. முன்பு சொன்ன வி-நாட்சின் 5 மில்லியன் கன அடியோடு இதை வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் கசிவு மொத்தத்தில் எவ்வளவு சிறிய பங்கு என்பது விளங்கும்.

இந்த முறைக்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் கவனம் மிகுதியாக வேண்டும். நாளுக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் இறங்கும் மட்டத்தை, நூறில் ஓர் அடி வரை மட்டுமே குறித்த, அதாவது 3 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட அளவுகோலில் படித்தால் ஒரு நாள் வாசிப்பில் பொருள் இல்லை. பத்து நாள் இடைவெளியில் அதே பிழை ஐந்து விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். காற்று வீசும் திசையில் நீர் ஒதுங்கி ஒரு கரையில் மட்டம் உயர்வதால், அளவுகோலை அலை புகாத கிணற்றுக் குழாய்க்குள் வைத்து, தொட்டியைப் படிக்கும் அதே காலை 8.30 மணிக்குப் படிக்க வேண்டும். இன்னும் நுட்பமான ஒரு சிக்கல் நம் பருவத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஏரி நிறைந்திருக்கும், அப்போது ஆவியாதல் குறைவு. கோடையில் ஏரி தாழ்ந்திருக்கும், ஆவியாதல் மிகுதி. கசிவு நீரின் உயரத்தைப் பொறுத்தது என்பதால், தை மாதப் புள்ளியும் சித்திரைப் புள்ளியும் ஒரே கசிவைக் கொண்டவை அல்ல. மேலே போட்ட நேர்கோடு ஓரளவு ஏமாற்றும். இதற்குத் தீர்வு, குணகத்தை 0.8 என்றே நிலைநிறுத்தி, ஒவ்வொரு மட்டத்துக்கும் கசிவைத் தனித்தனியே கண்டு வரைபடமாக்குவது. கிருஷ்ணா நீரின் இரண்டாம் தவணை ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒப்பந்தப்படி வரவேண்டியது என்பதால், அந்நீரால் கோடையின் தொடக்கத்தில் ஏரி நிறையும் ஆண்டுகளில், உயர்ந்த மட்டமும் மிகுந்த ஆவியாதலும் சேர்ந்த அரிய நாட்கள் கிடைக்கும். வரத்தை நிறுத்தி அத்தகைய பத்து நாட்களை அளவீட்டுக்கென்றே ஒதுக்குமாறு நீர்வளத் துறையைக் கேட்பது தகும்.

குளோரைடு முறையையும் சேர்த்துக்கொள்ளலாம். நீர் ஆவியாகும்போது உப்பு ஏரியிலேயே தங்குகிறது. கசியும்போது நீரோடு போய்விடுகிறது. ஆகவே வரத்து இல்லாத மாதங்களில் குளோரைடின் செறிவு எவ்வளவு கூடியது என்பது ஆவியாதலின் பங்கையும், மொத்தக் குளோரைடு எவ்வளவு குறைந்தது என்பது கசிவின் பங்கையும் காட்டும். குடிநீர் ஏரியில் நீரின் தரத்தை எப்படியும் சோதிப்பதால் இதற்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு. அருகில் தொழிற்சாலைக் கழிவோ ஊர்ச் சாக்கடையோ கலக்கும் ஏரிகளில் மட்டும் இதை நம்பக்கூடாது.

முதல் நிரப்பலின் எண்ணை நிலையான கசிவாக எழுதிவிடுவது புதிய நீர்த்தேக்கத்துக்கே உரிய ஆபத்து. உலர்ந்த படுகையும் கரையோர மண்ணும் முதலில் தாகம் தீரக் குடிக்கும். அதில் ஒரு பகுதி மட்டம் இறங்கும்போது ஏரிக்கே திரும்பி வரும். பிறகு ஆண்டுதோறும் வண்டல் படிந்து கசிவு குறையும். எனவே முதல் ஆண்டின் கசிவைத் தனியாகவும், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளின் கசிவைத் தனியாகவும் குறித்து, பின்னதையே நிர்வாக விதிகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு என் தெரிவைச் சொல்கிறேன். கட்டுவதற்கு முன், பென்மன் 1948 கணக்கை நீண்ட பதிவுகளோடு செய்து ஆவியாதலைத் திட்டமிடலாம்; கசிவுக்கு ஒரே எண் தராமல் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரு எல்லை மட்டும் தரலாம். நீர் நிரம்பியதும் இரண்டு வலையிட்ட தொட்டிகள், ஒரு மழைமானி, அலை புகாத மட்டக் குழாய், வி-நாட்ச் ஆகியவற்றோடு வறண்ட நாட்களின் மட்ட இறக்கத்தை மூன்று ஆண்டுகள் விடாமல் பதியவேண்டும். மாதம் ஒருமுறை செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பைச் சரிபார்ப்பதும் அவசியம். சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பரப்பு தவறாக இருந்தால் மில்லிமீட்டரில் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் கன அடியில் விடை தவறிவிடும். மேட்டூர் போல ஆழமான அணையாக இருந்தால் நான் தொட்டியின் மாதக் கணக்கை இவ்வளவு நம்பமாட்டேன். பிளவுண்ட பாறையின் மேல் கட்டிய அணையாக இருந்தால், கட்டும் முன்பே, பாறைத் துளைக்குள் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி எவ்வளவு உள்வாங்குகிறது என்று பார்க்கும் லூஜியன் சோதனைக்குத்தான் முதல் பணத்தை ஒதுக்குவேன்.

கணக்கேட்டில் இரண்டு இழப்புகளையும் ஒரே பத்தியில் எழுதுவதையும் நிறுத்தவேண்டும். ஆவியான நீர் போனது போனதுதான். கசிந்த நீரின் பெரும்பகுதி கரைக்குக் கீழே உள்ள கிணறுகளில் மட்டமாக உயர்ந்து நிற்கும். ஆகவே நீர்த்தேக்கத்தின் கீழ்ப்புறக் கிராமங்களில் நான்கைந்து திறந்த கிணறுகளைத் தேர்ந்து, ஏரி மட்டம் எடுக்கும் அதே நாளில் அவற்றின் மட்டத்தையும் எடுத்து, அதே பதிவேட்டில் அடுத்த பத்தியில் எழுதத் தொடங்குவது நல்லது. ஏரியில் நீர் நிற்பதற்கு முன்பே ஓராண்டு இதைத் தொடங்கினால்தான் பிற்பாடு ஒப்பிட ஏதேனும் இருக்கும்.